கடைசிப் பாயில் இருந்தவள்

ஆமீன் கொஞ்சம் முந்தி வந்தது.

ஸுலைஹா துஆப் பிரார்த்தனையின் கடைசி வரிக்கு வந்திருந்தாள். "யா அல்லாஹ், கடலுக்குப் போன எங்கட ஆம்புளைகள..." என்று சொல்லிவிட்டு, "சுகமாக் கரை சேர்த்து வை" என்பதற்கு முன்னால் மூச்செடுத்தாள். அந்த மூச்சின் இடைவெளியில், ஹாலின் பின்பக்கமிருந்து ஒற்றைக் குரல் ஒன்று தாழ்வாக "ஆமீன்" என்றது. அவள் வரியை முடித்ததும் முப்பது பெண்களும் சேர்ந்து ஆமீன் சொன்னார்கள், முகத்தைத் தடவிக்கொண்டார்கள். பாய்கள் சரசரத்தன. யாரோ பிள்ளையின் செருப்பைத் தேடினார்கள். ஒருவருக்கும் எதுவும் பட்டதாகத் தெரியவில்லை. ஸுலைஹாவுக்கு மட்டும் கையேந்திக் கேட்டது பாதியில் பறிபோனது போலிருந்தது. கரை சேர்த்து வை என்று சொல்லும் முன்பே ஆமீன் சொன்னவள், எதற்கு ஆமீன் சொன்னாள்?

பதினான்கு வருடமாக வியாழக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் பெண்களுக்குப் பயான் என்ற மார்க்கச் சொற்பொழிவு செய்கிறாள். கற்பிட்டியில் அவளுடைய பயானுக்கென்று ஒரு பெயர் இருந்தது. முப்பது பேர் இருந்தாலும் முந்நூறு பேர் இருந்தாலும் அவள் ஒரு முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள். அந்த முகம் பரீனாவுடையது. மத்ரஸாவில் ஒன்றாக ஓதியவள், இரண்டு வயது இளையவள், இன்றைக்கும் "ராத்தா" என்றுதான் கூப்பிடுவாள். முன்வரிசையில் இருந்து தலையாட்டுவாள், சரியான இடத்தில் "ம்" சொல்லுவாள். பரீனாவின் கண் கலங்கினால் கதை நெஞ்சுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அவள் சேலைத் தலைப்பைத் திருகத் தொடங்கினால் பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன் அடித்த காற்றில் மத்ரஸாக் கூரையின் தகரம் பறந்தபோது, "என்ட வீட்டில செய்வோம் ராத்தா, பெரிய ஹால் சும்மாதானே கிடக்கு" என்று கேட்டு வந்தவளும் பரீனாதான். கண்டக்குழி வீதியில், தென்னந்தோட்டத்துக்குள் தனியாக நின்ற வீடு அது. புருசன் சாஹுல் ஹமீது புத்தளத்தில் கடையோடேயே தங்கிவிட்டார். ஆனால் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து பரீனா முன்வரிசையில் இருப்பதில்லை. அடுப்படிக் குசினி வாசல்படியில் ஒடுங்கி, சீமெந்துத் தரையைப் பார்த்தபடி இருக்கிறாள். ஸுலைஹா அதை இன்றைக்குத்தான் கவனித்தாள்.

அன்று பரீனா பிளேன்டீ பரிமாறினாள். வரிசை வரிசையாகக் குனிந்து கோப்பை வைத்துக்கொண்டு போனவள், கடைசி வரிசையின் ஓரத்தில், யன்னல் வெளிச்சம் விழாத மூலையில், ஒரு பாயைக் கோப்பை வைக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தாள். வெறும் பாயென்றால் மிதித்துக்கொண்டு போயிருப்பாள். ஆள் இருக்கும் பாயைச் சுற்றிப் போவது போல், கால் படாமல், சேலையை ஒதுக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வியாழன் யூனுஸ் நபியின் கதை. மீன் வயிற்றின் இருட்டுக்குள் இருந்து கேட்ட ஒரு மனிதக் குரலை அல்லாஹ் கேட்டான் என்ற இடத்துக்கு அவள் வந்துகொண்டிருந்தபோது, வெளியே தென்னோலைகள் ஒன்றோடொன்று உரசும் ஓசையும், வீதியில் எங்கேயோ ஒரு கழுதை மூச்சு முட்டக் கத்தும் சத்தமும், கரைப்பக்கமிருந்து காற்றில் ஏறிவந்த கருவாட்டு வாடையும், முப்பது பெண்களின் வியர்வையும் அத்தரும் கலந்த சூடும் எல்லாம் சேர்ந்து ஹாலை நிறைத்திருந்தன. அவ்வளவுக்கும் நடுவில் மூலையிலிருந்து அந்தக் குரல் தெளிவாக வந்தது.

"ம்."

அவள் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல நினைத்த வரி நாக்குக்கு வருமுன் அதற்கான "ம்" வந்துவிட்டது. அப்படி ஒரு "ம்"மை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை. அவசரம் இல்லாத, தீர்ப்புச் சொல்லாத, எவ்வளவு வேண்டுமானாலும் இருந்து கேட்கிறேன் என்கிற "ம்". தொண்டைக்குள் யாரோ நூலைக் கட்டி மெதுவாகச் சுருட்டுவது போல, அவளை அறியாமல் பேச்சு நீண்டது. அந்தியில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோதுதான் அவளுக்குத் தன்னிலை வந்தது. இரண்டு மணித்தியாலம் பேசியிருக்கிறாள். என்ன பேசினாள் என்பது பாதிதான் ஞாபகம் இருந்தது.

"இண்டைக்கு நல்ல பயான் ராத்தா," என்று வாசலில் பெண்கள் கையைப் பிடித்துச் சொன்னார்கள். ஸுலைஹா அந்த மூலையைப் பார்த்தாள். பாய் இருந்தது. நடுவில் குழிந்திருந்தது. அது போன வாரம் இருந்த இடத்திலிருந்து ஒரு வரிசை முன்னால் வந்திருந்தது.

மிஹ்லார் ஓட்டோவைக் கிளப்பினான். பாதி வழியில் கண்ணாடிக்குள் மனைவியைப் பார்த்தான்.

"என்ன, ஒண்டும் கதைக்காம வாறீங்க?"

"களைப்பு."

"யாரும் ஏதும் சொன்னாங்களா?"

"இல்ல. யாரோ நல்லாக் கேக்கிறாங்க," என்றாள் அவள்.

மூன்றாம் வியாழன் அவள் பேச்சைத் தாளில் எழுதிக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டாரின் உரிமைகள் பற்றிப் பத்துக் குறிப்புகள், அரை மணித்தியாலம். தாளைத் தாண்டி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று நினைத்திருந்தாள். மூன்றாவது குறிப்பில் "ம்" வந்தது. நடு வரிசையிலிருந்து வந்தது. அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைத் தொழுகை உடுப்பில் ஒரு பெண் தலை குனிந்து இருந்தாள். முக்காடு முகத்தை மூடி மடி வரைக்கும் தொங்கியது. இரண்டு பக்கத்திலும் இருந்த பெண்கள் தங்களுக்குத் தெரியாமலே சற்று விலகி இருந்தார்கள். ஒரு பெண்ணின் குழந்தை அந்தப் பக்கம் தவழ்ந்து போய், நின்று, வந்த வழியே திரும்பித் தவழ்ந்தது.

தாள் மடியில் கிடந்தது. ஸுலைஹாவின் வாய் தொண்ணூறாம் ஆண்டைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தது.

இயக்கத்தின் உத்தரவில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே நாளில் ஊரை விட்டு வெளிக்கிட்டது. கையில் எடுத்ததோடு கரைக்கு ஓடியது. மழை. இடுப்பளவு தண்ணீரில் நடந்து படகுக்குப் போனது. அப்போது அவளுக்கு எட்டு வயது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவர்களில் பாதிப்பேர் அதே கடலைக் கடந்து இந்தக் கரைக்கு வந்தவர்கள்தான். இதுவரைக்கும் சொல்லலாம், இதுவரைக்கும் எல்லோருடைய கதையும் ஒன்றுதான் என்று அவள் மனம் சொன்னது. இங்கே நிறுத்து. இங்கே நிறுத்து.

"ம்... பிறகு?"

"பிறகு படகு வெளிக்கிட்டிச்சு," என்றாள்.

"நஜாத்?"

அதே குரல்தான் கேட்டது.

அந்தப் பெயரை முப்பத்துச் சொச்சம் வருடமாக இந்த ஊரில் யாரும் உச்சரித்ததில்லை. வாப்பா போய்விட்டார், உம்மாவும் போய்விட்டார். மிஹ்லாருக்குக்கூட, மனைவிக்கு ஒரு தங்கச்சி இருந்தாள், சின்னதில் காணாமல் போனாள் என்ற அளவுக்குத்தான் தெரியும். பெயரும், பெயருக்குப் பின்னால் இருந்ததும் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான். உம்மா மௌத்தாகி அடக்கம் செய்த வாரம், இந்த வீட்டின் பின்படியில் வைத்து, குர்ஆனில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு அவள் பரீனாவிடம் சொல்லியிருந்தாள்.

அவள் குசினி வாசலைப் பார்த்தாள். பரீனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு காதிலும் பஞ்சு இருந்தது.

இரவு முழுக்க ஸுலைஹாவுக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது. அது பயத்தைவிடச் சுகமாக இருந்தது. ஒரு பெண்ணிடம் சொன்னாளா, ஊருக்கே சொன்னாளா? ஆமீன் சொல்லும் வாய்கள் எல்லாம் வீட்டுக்குப் போய் என்ன பேசின? முப்பது வருடத்துச் சிநேகத்தில் ஸுலைஹா ஒளித்து வைத்த ஒரே ஒரு சாமானை எடுத்துப் பரீனா யாருக்குக் கொடுத்தாள்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் போகும் வழியில் மிஹ்லார் அவளைப் பரீனா வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். "தொழுதுட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஆம்பிளைகள் எல்லாம் பள்ளிவாசலில் இருந்த நேரம். வீதி வெறிச்சோடிக் கிடந்தது. வெயில் மணலில் வெள்ளையாக எரிந்தது. தூரத்துப் பள்ளியின் ஸ்பீக்கரில் குத்பாப் பிரசங்கம் தொடங்கியிருந்தது. காற்றுத் திசை மாறும்போதெல்லாம் அந்தக் குரல் பெருத்தும் சிறுத்தும் வந்தது.

கதவு திறந்திருந்தது. ஹாலில் பயான் செய்கிறவள் இருக்கும் கதிரை போட்டிருந்தது. அதற்கு எதிரே, மூன்று முழத்தில், ஒரே ஒரு பாய்.

"வருவீங்க எண்டு தெரியும் ராத்தா. இருங்க," என்றாள் பரீனா. பஞ்சை எடுத்துக் கையில் வைத்திருந்தாள்.

ஸுலைஹா இருக்கவில்லை. "யாருக்குச் சொன்ன நீ?"

பரீனா மறுக்கவில்லை. அழவும் இல்லை. அவள் முகம் கழுவித் துடைத்த கோப்பை போல வெறுமையாக இருந்தது.

"மகன் இப்ஹாம் மௌத்தாகி ஆறு வருசம்," என்றாள். "கண்டக்குழியில படகு பிரண்டு, மூணாம் நாள் கிடைச்சான். உங்களுக்குத் தெரியும். நீங்க வந்தீங்க. என்ட கையப் புடிச்சிக்கொண்டு சபூர் பற்றி, பொறுமை பற்றி அரை மணித்தியாலம் சொன்னீங்க. நல்லாச் சொன்னீங்க. எல்லாரும் அழுதாங்க. நான் அவனப் பற்றி ஒரு கதை சொல்லப் பாத்தன் ராத்தா. காலம்பற அவன் பாண் வேணா, புட்டுத்தான் வேணும் எண்டு சண்ட புடிச்சான். நான் ஏசினன். அதத்தான் சொல்லப் பாத்தன். நீங்க விடல்ல."

ஸுலைஹாவுக்கு அது ஞாபகம் இல்லை. பேசியது ஞாபகம் இருந்தது. பரீனா வாயைத் திறந்தது ஞாபகம் இல்லை.

"நாப்பதாம் நாளும் முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க. ஒராள் மட்டும் போகல்ல. கடைசிப் பாயில இருந்தா. யாரெண்டு நான் கேக்கவே இல்ல. நான் அழுதன், அவ ம் எண்டா. புட்டுக் கதையச் சொன்னன். ம், பிறகு எண்டா. அப்பிடி ஒராள் கேட்டா, ராத்தா, ஆரெண்டு பாக்கத் தோணுமா?"

"பரீனா..."

"சொல்லச் சொல்ல நெஞ்சுப் பாரம் குறைஞ்சிச்சு. பிறகுதான் விளங்கிச்சு, பாரம் மட்டும் போகல்ல. சொன்னதெல்லாம் போயிட்டு. வார்த்த மட்டும் வாயில கிடக்கு, உள்ளுக்கு ஒண்டும் இல்ல. அலுமாரியில ஒரு ஃபோட்டோ இரிக்கி. அது என்ட மகன் எண்டு நீங்கெல்லாம் சொல்றீங்க. எனக்கு அந்த முகம் தெரியா. வேற ஆர்ட பிள்ளையோ போல இரிக்கி." அவள் குரல் ஒருமுறை மட்டும் உடைந்தது. "அவன முடிச்ச பிறகு உம்மாவச் சொன்னன். கலியாணத்தச் சொன்னன். எல்லாம் சொல்லி முடிஞ்சுது. அவ போகல்ல. ஒவ்வொரு நாளும் வந்திருந்து, பிறகு, பிறகு எண்டு கேக்கிறா. அப்பதான் உங்கட கதையச் சொன்னன்."

"சத்தியம் பண்ணினாய்."

"ஓம். ஆனா அவ எடுக்கல்ல. அது உன்ட கதை இல்ல எண்டா. கதைக்குச் சொந்தக்காரி வந்து சொல்லோணுமாம்."

ஸுலைஹா மெதுவாக ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். கூரைத் தகரம் பறந்த மறுநாளே ஓடிவந்து கேட்டது. கழுவித் துடைத்த இந்தப் பெரிய ஹால். வாராவாரம் முப்பது பெண்களுக்குப் பிளேன்டீ.

"எனக்கு இனி சொல்ல ஒண்டும் மிச்சமில்ல ராத்தா," என்றாள் பரீனா. "உங்களுக்குத்தான் நிறைய இரிக்கி."

அவள் வெளியே போனாள். ஓடவில்லை. அடுப்பில் வைத்ததைப் பார்க்கப் போகிறவள் போல நடந்து போனாள். கதவு சாத்தியது. வெளியே கொண்டி விழுந்தது.

ஸுலைஹா கதவைத் தட்டினாள். கத்தினாள். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெயிலுக்குள் பார்த்துக் கூப்பிட்டாள். தென்னைகளுக்கு அப்பால் வீதியில் ஒரு நாய்கூட இல்லை. பக்கத்துத் தோட்டத்து வீட்டில் பெண்கள் இருந்திருப்பார்கள். ஆனால் பள்ளியின் ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் மேலாகப் பேசிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க ஒரு குரலைக் கேட்டுக்கொண்டிருந்தது. பரீனா நேரம் பார்த்துத்தான் கதவைத் திறந்து வைத்திருக்கிறாள்.

அவளுக்குப் பின்னால் பாய் சரசரத்தது.

திரும்பவில்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டாள். பேசாவிட்டால் எடுக்க முடியாது.

"ம்," என்றது.

எவ்வளவு அன்பான ஓசை. உம்மாகூட அவளை அப்படிக் கேட்டதில்லை. படகில் உம்மா திரும்பி, "நஜாத் எங்க?" என்று கேட்டபோது, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேட்டுவிட்டு அடுத்த பிள்ளையைத் தூக்கப் போனார். காத்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள். அப்போதே சொல்லியிருப்பாள்.

சொல்லாதே.

நஜாத்துக்கு நாலு வயது. கையை விடாதே என்று வாப்பா சொல்லியிருந்தார். ஸுலைஹாவின் மறுகையில் பள்ளிக்கூடப் பை. படகில் ஏற ஒரு கை வேண்டும். அவள் பையை விடவில்லை.

"சாச்சிட படகில ஏறிட்டா உம்மா," என்று உம்மாவின் முதுகைப் பார்த்துச் சொன்னாள். சொல்லும்போது பின்னால் தண்ணீரிலிருந்து கேட்டது. ராத்தா. மூன்று தரம். மூன்றாவது தரம் வாயில் தண்ணீர் போன குரலில். அவள் கேட்டாள். படகு முழுக்க அவளுக்கு மட்டும் கேட்டது. அவள் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்காத மாதிரி இருந்தாள்.

இதை அவள் மனதுக்குள்தான் நினைத்தாள். மனதுக்குள்தான்.

பிறகுதான் தன் குரல் ஹாலில் ஓடிக்கொண்டிருப்பது அவளுக்குக் கேட்டது.

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். எதுவரைக்கும் சொன்னாள்? பை. பையின் நிறம் என்ன? சிவப்பா? அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வாப்பா என்ன சொன்னார்? ஏதோ சொன்னார். மழை பெய்ததா?

ராத்தா. அது இன்னும் இருந்தது. அந்த மூன்று தரமும் இருந்தன. வாழ்க்கை முழுக்க அதைக் கேட்காமலிருக்கத்தான் அவள் பேசிப் பேசி வந்தாள். இப்போது அதை இரண்டு கையாலும் வாய்க்குள் பிடித்து வைத்திருந்தாள். உலகத்தில் நஜாத் இருக்கும் இடம் அது ஒன்றுதான்.

முதுகுக்குப் பின்னால் சரசரப்பு. நெருங்கி. இன்னும் நெருங்கி. கற்பூர வாசம். ஈரத் துணியின் வாசம்.

அவள் திரும்பினாள்.

அது அவள் முழங்காலுக்கு முன்னால், பாயோடு வந்து, இருந்தது. தலை குனிந்தே இருந்தது. வெள்ளை உடுப்புக்குள்ளிருந்து இரண்டு கைகள் வந்து முக்காட்டைப் பிடித்தன. வயதான பெண்ணின் கைகள். அவசரமே இல்லாத கைகள். துணி மெல்ல மேலே போனது.

இப்ஹாம்.

பதினேழு வயது. அரும்பு மீசை. இடது புருவத்தில் சைக்கிளில் விழுந்த தழும்பு. கண்கள் திறந்திருந்தன. அவனுக்குப் பக்கத்தில், தோலோடு தோலாக, பரீனாவின் உம்மா. அதற்குக் கீழே கலியாண அலங்காரத்தில், இளம் வயதில், பரீனாவே. அவர்களுக்குப் பின்னால், கழுத்துக்குள், மார்புக்குள், மடிப்பு மடிப்பாக, இன்னும் இன்னும். ஸுலைஹாவுக்குத் தெரியாத எத்தனையோ வீடுகளின் முகங்கள். ஒன்றுக்கும் வாய் அசையவில்லை. எல்லாக் கண்ணும் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

இப்ஹாமின் கன்னத்தோரம் ஒரு இடம் வெறுமையாக இருந்தது. ஈரமாக, வழுவழுப்பாக, ஒரு நாலு வயதுப் பிள்ளையின் முகத்தளவுக்கு.

பள்ளியில் குத்பா முடிந்து ஸ்பீக்கர் ஓய்ந்தது. பொத்திய கைகளுக்குள் ஸுலைஹாவின் உதடுகள் பிரிந்தன.